இல்லை என்று சொல்ல வராத மிஷின்காரர்

என் வீட்டுக்காரர் தேவப்பிரியத்துக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. தாராள மனசு என்று யாரும் தப்பாக எண்ணிவிட வேண்டாம். புதுச்சேலை கேட்டால் வாய் நிறைய இல்லை என்பார். தரையைப் பார்த்துச் சொல்லத்தான் வராது. ‘இந்த மண்ணில் நீங்கள் தேடுவது இல்லை, எழுந்து வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நாக்கு மடங்கிப் போகும். அந்த வார்த்தையை அவருக்குப் பதிலாக நான்தான் சொல்வேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ பேரிடம் சொல்லி, ‘அந்த மிஷின்காரன் பெண்டாட்டி வாய் விளங்காது’ என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

மிஷின் என்றால், சண்டைக் காலத்தில் ராணுவம் கண்ணிவெடி தேடுவதற்கு வைத்திருந்தது. நீளமாக ஒரு கொம்பு, அதன் அடியில் ஒரு தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ள பாட்டரிப் பெட்டி, காதை மூட இரண்டு மூடி. தட்டுக்குக் கீழே இரும்போ பித்தளையோ தங்கமோ வந்தால் காதுக்குள் ஊளையிடும். எது வந்தது என்று மட்டும் சொல்லாது. ஆணிக்கும் அதே ஊளை, அட்டிகைக்கும் அதே ஊளை.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது மஜீது பாய் புண்ணியத்தில். தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். சண்டை முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை மொத்தமாக ஏலம் எடுத்ததில் அதுவும் வந்திருந்தது. ஹார்பர் நிலக்கரி யார்டில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இவர், கடை வாசலில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

“இன்னா தேவு, பேய் அறஞ்ச மாரி நிக்கிறே?” என்று கேட்டிருக்கிறார் மஜீது பாய். “இன்னா சாமான்னே தெரியல. துணி காயப்போடக்கூட ஒதவாது. உனுக்கு வோணும்னா எட்துகினு போ, நைனா.”

எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தூக்கி எறியச் சொல்லி ஒரு வாரம் கத்தினேன். அவர் காதில் மூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான் யாரிடம் கத்துவது?

இப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. முதலில் முகத்துவாரக்குப்பத்துக் கெங்கம்மா, கரையில் வலை இழுக்கும்போது கழன்று விழுந்த மூக்குத்தியைத் தேடித் தரச் சொல்லி வந்தாள். ஈர மணலில் காலையிலிருந்து மத்தியானம் வரை தடவி எடுத்துக் கொடுத்தார். ஒரு மூக்குத்திக்குக் கூடை மீன் வந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது வாசலில் நிற்பார்கள். குழாயடியில் விழுந்த மெட்டி, கல்யாணப் பந்தலில் தொலைந்த மோதிரம், இறந்துபோன தகப்பனின் பாக்கெட் கடிகாரம். நகை என்றால் பெண்கள் சமாசாரம். முன்பின் தெரியாத ஆணிடம் எந்த வீட்டுப் பெண் வந்து எங்கே கழற்றினேன், எப்போது கழற்றினேன் என்று சொல்வாள்? அதனால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தானே ஆக வேண்டும்?

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வரும். மண்ணை யாரும் மிதிக்கக் கூடாது, ஓரமாக நிற்க வேண்டும். மிஷின் ஊளையிட்டால் கடப்பாரை, மண்வெட்டி எதுவும் கூடாது. குப்புறப் படுத்துக்கொண்டு, துப்பாக்கி முனையில் மாட்டுகிற பழைய கத்தி ஒன்றைச் சாய்வாக மண்ணில் செருகி, செருகி, முட்டுகிறதா என்று பார்ப்பார். முட்டினால் விரலால் மண்ணை விலக்குவார். கடைசியில் வெளியே வருவது ஒரு சோடா மூடியாக இருக்கும். அதைக்கூட உடனே தூக்க மாட்டார். அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். தேடி முடித்ததும் போன வழியிலேயே, தன் தடத்திலேயே காலை வைத்துத் திரும்பி வருவார். தெருவிலும் அப்படித்தான். டிராம் தண்டவாளத்தை ஒட்டித்தான் நடப்பார். காசிமேட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் என் கால் பதிந்த இடத்தில் தன் காலை வைத்துப் பின்னாலேயே வருவார். பார்க்கிறவர்கள் பெண்டாட்டி தாசன் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜனங்களுக்கு இந்த மிஷினும், மை போட்டுப் பார்க்கிறவனும் ஒன்றுதான். வெற்றிலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டு வருவார்கள். மை போடுகிறவனிடம் காணாமல் போன பொருள் எது என்று சொல்லக் கூடாது, அவன்தான் அதைச் சொல்ல வேண்டும். அது அவனுக்கு வைக்கிற பரீட்சை. நாமாகச் சொல்லிவிட்டால் மை பலிக்காது. எங்களிடமும் அதே கதைதான். “உங்க மிஷினுக்குத் தெரியாததா?” என்று வாயை மூடிக்கொள்வார்கள். மாதா கோயிலுக்குப் போனால் அங்கே நம் ஜனம், “இன்னா ஃப்ளோரன்ஸு, உன் வூட்டுக்காரர் மந்திரவாதி ஆயிட்டாராமே?” என்று கேட்கும். இரண்டு பக்கமும் அடி.

தேடுகிற பொருள் கிடைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. கிடைக்காத நாள்தான் நரகம். மிஷின் ஊளையிடாமல் சும்மா இருக்கும். தேடச் சொன்னவர்களே சலித்துப் போவார்கள். இவர் விட மாட்டார். தடவிய இடத்தையே மறுபடி தடவுவார். முட்டி தேய்ந்து, கண் சிவந்து, பொழுது சாய்கிற வரை அந்தக் கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பார். “போதும், வாங்க” என்றால், “சும்மா கெட. சத்தம் போடுதது ஒண்ணும் செய்யாது. சத்தம் போடாததுதான்…” என்று பாதியில் நிறுத்திவிடுவார். மீதி எனக்குத் தெரியும். அந்த மீதி என் அண்ணன் லியோனார்ட்.

அண்ணனும் இவரும் மதராஸ் சாப்பர் படையில் ஒன்றாக இருந்தவர்கள். இவர் திருநெல்வேலிப் பக்கம், அண்ணன் ராயபுரம். அவன் பேச்சு இவருக்குப் புரியாது, இவர் பேச்சு அவனுக்குப் புரியாது, இருந்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். கண்ணிவெடி தேடுவதுதான் வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டாம். மிஷினால் தடவிப் பார்த்து, ‘ஒன்றும் இல்லை’ என்று எவன் சொல்கிறானோ, அவன்தான் அந்தப் பாதையில் முதலில் நடக்க வேண்டும். அவன் கரையேறிய பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள்.

இத்தாலி தேசத்தில் ஏதோ ஒரு ஆற்றுக்கு இறங்கும் பாதை. பல நாளாகத் தூக்கம் இல்லை. இவர் தடவி முடித்தார். காதில் ஊளை இல்லை. “ஒண்ணும் இல்லே” என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனார். அண்ணன் இவர் தோளை அமுக்கி, “நீ குந்துடா. ரொம்ப டயர்டா கீறே. நான் போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தான். ஜெர்மன்காரன் அங்கே புதைத்திருந்தது மரப்பெட்டிக்குள் வைத்த வெடி. அந்த மிஷினுக்கு மரம் கேட்காது.

இதையெல்லாம் இவரே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொன்னார். அண்ணனுடைய மௌத் ஆர்கனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அம்மா அடிக்கவில்லை. “காபி குடி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தார், நான் கட்டிக்கொண்டேன். பாவம் பார்த்துக் கட்டிக்கொண்டேன் என்று ஊரில் சொல்வார்கள். பாவம் பார்த்து யாராவது யாரையாவது கட்டிக்கொள்வார்களா? எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவருக்கு முதலில் திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையில் வேலை கிடைத்தது. மரச்சீவலைப் பெட்டியாக மடிக்கிற இடத்தில் போட்டார்கள். நாளெல்லாம் கண்முன்னே மரப்பெட்டியாக வந்து விழுந்தது. நிற்க முடியாமல் வந்துவிட்டார். நிலக்கரி தூக்குவது அதைவிடத் தேவலை என்றார். களைப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. யார்டில் எட்டு ஆள் வேலை செய்துவிட்டு வந்தாலும் சொல்ல மாட்டார். ஒரு தடவை களைத்ததற்கு ஆண்டவர் ஒரு உயிரை எடுத்துக்கொண்டார் என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை ஆண்டவரே வந்து தப்பு என்று சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மழைக்காலம் தொடங்குகிற சமயம். தண்டையார்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருந்த அய்யாத்துரை நாடாரின் சம்சாரம் சீனியம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். இவர் ஊர்ப்பக்கம்தான் அவர்களும்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு சாமான் மண்ணுக்குள்ள கிடக்கு. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பட்டணமே ஓடிச்சே, அப்போ நான் வச்சது. நாளைக்கு அங்க சிமிட்டித் தரை போடுதாவ. அதுக்கு முன்னால எடுத்துத் தரணும்” என்றாள். என்ன சாமான் என்று நான் கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான் பதில்.

அந்த வருஷம் பட்டணம் ஓடியது எனக்கும் நினைவிருக்கிறது. பாத்திரத்தைக் கிணற்றில் போட்டவர்கள், நகையைப் புதைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடம் தெரியாது. புதைத்த பொருள் மண்ணுக்குள் நகர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. நகராமல் இருக்க இரும்பைக் காவல் வைப்பார்கள்.

மறுநாள் காலையில் போனோம். பின்கட்டைப் பார்த்ததும் இது ஆகிற காரியமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஊருக்கு ஓடியிருந்த காலத்தில் அந்த இடத்தை மஜீது பாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தார்களாம். அவர் பழைய இரும்பை அங்கேதான் கொட்டி வைத்திருந்தார். மண்ணில் பாதி இரும்பு. இவர் மிஷினை வைத்ததுமே அது ஊளையிட ஆரம்பித்தது. நகர்த்தினால் அங்கேயும் ஊளை. எங்கே வைத்தாலும் ஊளை.

அய்யாத்துரை நாடார் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். “என்ன தம்பி, அவ அம்மா வீட்டுச் சாமான் ஏதோ கிடக்குன்னு ஒரே அழுகை. சாயங்காலம் வரைக்கும் பாருங்க. பர்மிட்டுல வாங்கின சிமிட்டி. மழை பெய்ஞ்சா மூட்டையிலயே கல்லாயிரும்” என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார். கொத்தனார் கருணாகரன் மதில் ஓரத்தில் ஜல்லியையும் மணலையும் குவித்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இவர் படுத்தார். ஒவ்வொரு ஊளைக்கும் கத்தியைச் செருகி, விரலால் விலக்கி, அடியில் தடவி, எடுத்து வைத்தார். போல்ட், சங்கிலித் துண்டு, வண்டிப் பட்டை, டின் மூடி. இன்னொரு போல்ட். வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. மஜீது பாய் எட்டிப் பார்த்து, “அட, நம்ம சரக்கு பூரா இங்கதான் கீதா? பேஜாரு புட்ச்ச வேலைப்பா உனுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நிழலில் நின்றுகொண்டு இரும்புக் குவியல் உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனியம்மாள் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. யாரோ எப்போதோ புதைத்த எதற்காகவோ இந்த மனிதர் இப்படித் தேய வேண்டுமா?

சாயங்காலம் பாத்ரூம் சுவர் ஓரமாக ஒரு மாட்டு லாடம் கிடைத்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு. நான்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி தட்டை வைத்தார். மிஷின் சும்மா இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் காதில் சத்தம் இல்லை.

கருணாகரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக என் முறை வருகிற நேரம் அது. ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவர் கையைத் தூக்கினார்.

“நாலு மூலைக்கு நாலு லாடம். மஜீது பாய் கொட்டினது இப்படி விழாது. யாரோ பாத்து வச்சிருக்காவ. என்ன வச்சாவன்னு அந்த அம்மாட்ட கேளு.”

நான் சீனியம்மாளிடம் போனேன். அவள் அப்போதும், “அதை அண்ணாச்சிதான் சொல்லணும்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யம்மா, அவுரு மை போட்ற ஆளு இல்ல! கரி மூட்டை தூக்கறவுரு! கார்த்தாலேர்ந்து சோறு தண்ணி இல்லாம மண்ணுல கெடக்கறாரு. நீ இன்னா வச்சேன்னு வாயத் தொறந்து சொல்லேன்!”

சீனியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். முதல் குழந்தை பெண். சிவந்தி என்று பெயர். தவழ்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டது. போன கொஞ்ச நாளில் பட்டணம் ஓடியது. செத்த பிள்ளையின் சாமான் வீட்டில் இருந்தால் அடுத்தது தங்காது என்று மாமியார் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னாளாம். எல்லாம் எரிந்தது. கண்ணேறு படாமல் இருக்கப் போட்டிருந்த கறுப்பு வளையல் இரண்டை மட்டும் இவள் ஒளித்து, யாருக்கும் தெரியாமல் சின்ன மண் கலயத்தில் போட்டுப் புதைத்து, நான்கு பக்கமும் லாடம் வைத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறாள்.

“அதுக்குப் பொறவு ரெண்டு பையன் பிறந்து நல்லாத்தான் இருக்கானுவ. ஆனா அவ மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு, மதினி. அந்த வளையலைப் பாத்தா ஞாபகம் வரும்னு நினைக்கேன்” என்றாள்.

“வளையல் எதுல செஞ்சது?”

“கண்ணாடிதான்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. வெளியே போய் அவரிடம் சொன்னேன்.

“கேக்காது” என்றார். “மிஷினுக்குக் கேக்காது.”

காதிலிருந்த மூடிகளைக் கழற்றினார். கொம்பைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். நான் பக்கத்தில் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். “வராதே” என்று கத்தினார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. குப்புறப் படுத்து, கத்தியைச் சாய்த்து, சத்தமில்லாத அந்த மண்ணில் செருகினார். எடுத்தார். விரற்கடை தள்ளி மறுபடி செருகினார். நிறுத்தி, கையைத் தரையில் அழுத்தி வைத்திருந்துவிட்டு மறுபடி செருகினார். தொடக்கூடாததைத் தொடுகிறவர் போல இருந்தது. மண்ணுக்குள் இருப்பது குழந்தையின் வளையல் என்று அவர் புத்திக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை.

கத்தி எதிலோ முட்டியது. விரலால் மண்ணை விலக்கினார். கலயத்தின் வாய் தெரிந்தது. அப்போதும் தூக்கவில்லை. அடியில் இரண்டு பக்கமும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து, தன் தடத்திலேயே பின்னால் நகர்ந்து வந்து, சீனியம்மாளிடம் கொடுத்தார்.

கலயத்தின் வாயைக் கட்டியிருந்த துணி மக்கிப் போயிருந்தது. வளையல் உடையவில்லை. என் மூன்று விரல் சேர்ந்தால் நுழையாது, அவ்வளவு சின்னது. மண்டியிலிருந்து திரும்பி வந்திருந்த அய்யாத்துரை நாடார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “சிவந்தியோடதா?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வானம் கறுத்துவிட்டது. கருணாகரனுக்குத் தன் அவசரம். “யக்கா, வேற எதுனா கீதா உள்ள? இல்லன்னு சொன்னா தளம் போட ஆரமிச்சுருவேன்” என்று என்னைத்தான் கேட்டார். நான் சொல்வதற்குள் இவர் எழுந்தார்.

மிஷினை எடுக்கவில்லை. சுவர் ஓரத்திலிருந்து நேராக நடக்க ஆரம்பித்தார். கிளறிப் போட்ட அந்த மண்ணில் யாருடைய தடமும் இல்லை. அதன் மேல் நிமிர்ந்து, முழுக் காலையும் பதித்து நடந்தார். தண்டையார்பேட்டை மிளகாய் மண்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் வெடியா வைத்திருப்பார்கள்? எனக்குத் தெரியாதா? இருந்தும் அவர் வைத்த ஒவ்வொரு காலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் நடந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் எதிர்ச் சுவர் வரைக்கும் போனார். சுவரைத் தொட்டார். திரும்பி, வேறு வழியாகக் குறுக்கே நடந்து வந்தார்.

“ஒண்ணும் இல்லே” என்றார். “போடுங்க.”

தரையைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். கருணாகரனுக்கு என்ன தெரியும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்து டிராம் தண்டவாளம் வரைக்கும்தான் வந்திருப்போம். அவர் நின்றுவிட்டார்.

“களைப்பா இருக்கு, ஃப்ளோரன்ஸு.”

அண்ணன் சொன்னதுதான் என் வாயிலும் வந்தது. முழுசாகச் சொல்ல முடியவில்லை. “குந்துங்க” என்று மட்டும் சொன்னேன். பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்தார். பாட்டரிப் பெட்டியை அவர் முதுகிலிருந்து கழற்றி என் முதுகில் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.